பேச்சை வைத்து ஊரைக் கண்டுபிடித்தல்

வெள்ளவத்தைக் கடையொன்றில் "உதை எடுத்துத் தாங்கோ" என்று கேட்பவர் யாழ்ப்பாணத்தார் என்பது கடைக்காரருக்கு உடனே தெரிந்துவிடும். "மறுகா வாறன்" என்றால் மட்டக்களப்பு. "அப்புறமா வர்றேன்" என்றால் மலையகம். கொழும்புத் தமிழருக்கு இந்தக் காது நன்றாகப் பழகியிருக்கிறது, அது பெரும்பாலும் சரியாகவே சொல்லும். தமிழகப் பேச்சில் வழக்கொழிந்த உகரச் சுட்டு, யாழ்ப்பாணத்தாரின் "உது", "உவர்" என்பவற்றில் இன்றும் வாழ்கிறது. அதைக் கேட்டு ரசிப்பதும், ஊர் விசாரித்து உறவு கண்டுபிடித்து, புதிதாக வந்தவருக்கு ஓர் அறை பார்த்துக் கொடுப்பதும் நல்ல வழக்கங்கள்தான்.

பெயரை வைத்துக் கணிப்பது அவ்வளவு சரிவருவதில்லை. 'மக்' என்று தொடங்கும் பெயரை மட்டும் கொண்டு ஒருவர் ஸ்கொட்லாந்துக்காரரா அயர்லாந்துக்காரரா என்று சொல்ல முடியாது. கொட்டாஞ்சேனையில் பெர்னாண்டோ என்ற பெயரும் அப்படித்தான்: அவர் சிங்களக் கத்தோலிக்கராக இருக்கலாம், தூத்துக்குடி வழிவந்த பரதராகவும் இருக்கலாம்.

பேச்சும் மாறக்கூடியது. மலையகத்தின் ஹற்றன் பக்கமிருந்து வெள்ளவத்தைக் கடைகளுக்கு வேலைக்கு வரும் பிள்ளைகள் சில மாதங்களிலேயே "பேசுறேன்" என்பதை விட்டு "கதைக்கிறன்" என்கிறார்கள். இதை வெறும் பழக்கதோஷம் என்று என்னால் கடந்துபோக முடியவில்லை. 'தோட்டக்காட்டான்' என்ற வசையைக் கேட்டு வளர்ந்தவர்கள் தங்களைக் காத்துக்கொள்ளும் வழி அது. 1911 குடிசன மதிப்பீடு இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று இரண்டாகப் பிரித்து எண்ணியது. 1948 பிரஜாவுரிமைச் சட்டம் இந்தியத் தமிழர் என்று எண்ணப்பட்ட மலையகத்தாரில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. நம் காதும் இன்றுவரை அதே கோட்டில்தான் ஆட்களைப் பிரிக்கிறது.

ஒலிப்பை வைத்து ஆளை அடையாளம் காண்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை தமிழருக்கு எதிரான 1983 ஜூலைக் கலவரத்தில் கொழும்பு கண்டது. கும்பல்கள் ஆட்களை மறித்து, வாளியைக் குறிக்கும் 'பால்திய' என்ற சிங்களச் சொல்லைச் சொல்லச் சொன்னார்கள். முதலெழுத்து பிசகியவர் தமிழர். அடியும் கொலையும் அடுத்து வந்தன. ஊரை வைத்துப் பிரித்ததும் நடந்தது: 2007 ஜூன் 7 அன்று வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை விடுதிகளில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழரைப் பொலிஸார் பேருந்துகளில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். மறுநாள் உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்து நிறுத்தியது.

இவ்வளவும் பட்ட நாம், வீடு வாடகைக்குக் கேட்டு வருபவரிடம் இன்னும் இரண்டு கேள்விகள் கேட்கிறோம். "எந்த ஊர்?" என்பது முதலாவது. அதில் தவறில்லை. "ஊரில எந்தப் பக்கம்?" என்பது அடுத்தது. அது சாதியை அறிவதற்காகக் கேட்கப்படுகிறது என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். அந்த இரண்டாவது கேள்வியை விட்டுவிடுங்கள். வாடகையையும் முற்பணத்தையும் பேசுங்கள். மற்றதை அவர் விரும்பினால் அவராகவே சொல்லட்டும்.