காவிரித் தண்ணீருக்குக் கார்பன் ஃபில்டர் போதும்

சேலத்திலும் நாமக்கல்லிலும் கூட்டுக் குடிநீர்க் குழாயைத் திறந்தால் முதலில் வருவது குளோரின் நெடிதான். அந்த நெடிக்காகவே பலர் ஆர்.ஓ. மெஷின் வாங்கி மாட்டுகிறார்கள். காவிரித் தண்ணீர் வருகிற வீட்டுக்கு அது தேவையே இல்லை. பத்து அங்குல ஹவுசிங் இரண்டு வாங்கி, ஒன்றில் ஐந்து மைக்ரான் பஞ்சு ஃபில்டரும் மற்றதில் தேங்காய்த் தொட்டிக்கரி கார்பனும் போட்டால் வேலை முடிந்தது. கரண்ட் வேண்டாம், ஒரு சொட்டுத் தண்ணீரும் சாக்கடைக்குப் போகாது.

கார்பனில் குருணை, பிளாக் என்று இரண்டு வகை கிடைக்கிறது. ஒரே ஹவுசிங்கில் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டு, ஊராட்சிகளில் குளோரின் பார்க்கப் பயன்படுத்தும் சொட்டு மருந்தை விட்டுப் பார்த்தேன். ஃபில்டருக்கு முன் பிடித்த தண்ணீர் நல்ல மஞ்சளானது. குருணை வழியாகக் குழாயை முழுக்கத் திறந்து பிடித்ததில் லேசான மஞ்சள் மிச்சமிருந்தது. விரல் கனத்துக்கு ஒழுகவிட்டுப் பிடித்ததில் நிறமே இல்லை. பிளாக்கில் முழு வேகத்திலும் நிறம் வரவில்லை.

காரணம் எளிது. கரியின் நுண்துளைகள் குளோரினை நீக்கக் கொஞ்ச நேரம் வேண்டும். குருணை தளர்வாக இருந்தால் தண்ணீர் இடுக்கு பார்த்து ஓடிவிடும். கடையிலேயே கார்ட்ரிட்ஜைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பாருங்கள். கலகலவென்று சத்தம் கேட்டால் வாங்க வேண்டாம். அட்டையில், கரியின் உள்பரப்பைக் காட்டும் அயோடின் எண் 900க்கு மேல் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது எழுதாத சரக்கை நான் தொடமாட்டேன். தொட்டிக்கரியைச் சுமார் 900 டிகிரியில் நீராவி விட்டு முறையாகப் பதப்படுத்தினால், ஒரு கிராமுக்குள் ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர் பரப்பு உண்டாகும். அந்தப் பரப்புக்குத்தான் காசு கொடுக்கிறோம்.

பிளாக்கின் குறை, ஆற்றில் வெள்ளம் வந்து தண்ணீர் கலங்கும்போது தெரியும். முன்னால் பஞ்சு இல்லாவிட்டால் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். ஆனாலும் என் ஓட்டு பிளாக்குக்குத்தான்.

டி.டி.எஸ். மீட்டரை வைத்தால் இரண்டிலும் முன்னும் பின்னும் ஒரே எண்தான். உப்பு, கடினம், ஃப்ளூரைடு எதையும் இந்தக் கரி எடுக்காது. திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஆயிரம் அடி இறக்கிய போர்த் தண்ணீரைக் குடிப்பவர்கள் இதை நம்பக் கூடாது. குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் முதலில் சோதித்துப் பாருங்கள். ஃப்ளூரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் ஆர்.ஓ.வோ வேறு தண்ணீரோதான் வழி.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1785இல் ரஷ்யாவில் தோபியாஸ் லோவிட்ஸ், பொருள்களைத் தன்னோடு பிடித்துவைக்கும் கரியின் குணத்தைக் கண்டறிந்தார். வோட்கா வடிப்பவர்கள் துர்நாற்றத்தைப் போக்க அதைப் பிடித்துக்கொண்டார்கள். அதனால் கரியில் வடித்தால் எந்தச் சாராயமும் சுத்தமாகிவிடும் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. மெத்தனால் தண்ணீரோடு ஒன்றாகக் கலந்துவிடும் சின்ன மூலக்கூறு. கரி அதை ஏறக்குறைய அப்படியே விட்டுவிடும். நாற்றம் போகும், விஷம் மிஞ்சும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது மெத்தனால்தான். பாதிக்கப்பட்டவர்களில் பலரைச் சேலம் அரசு மருத்துவமனைக்குத்தான் கொண்டுவந்தார்கள். 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி மதுவிலக்கைத் தொடங்கிய மாவட்டம் சேலம். சாராயத்துக்கென்று ஃபில்டர் கேட்பவருக்கு என்னிடம் சிபாரிசு எதுவும் இல்லை.

பராமரிப்பில் ஒன்று முக்கியம். குளோரினை எடுத்துவிட்ட தண்ணீருக்குக் காவல் கிடையாது. கரிக்குள் தேங்கினால் கிருமி வளரும். ஊருக்குப் போய்த் திரும்பினால் சில நிமிடம் ஓடவிட்டு, அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுங்கள். குடிப்பதைக் காய்ச்சிக் குடிப்பது நல்லது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கார்ட்ரிட்ஜை மாற்றுங்கள். கழுவி வெயிலில் காயவைத்தால் மேலே உள்ள அழுக்குப் போகுமே தவிர, நிரம்பிய துளைகள் காலியாகாது.