கலெக்டருக்கு ஒரு கடிதம்

பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வில் கடிதக் கேள்வி வந்தால் பிள்ளைகள் பெரிய சொற்களைத் தேடி ஓடுவார்கள். எனக்குப் பிடித்தது சின்ன ‘இஃப்’தான். கெஞ்சாமல், ‘இது நின்றால் உங்களுக்கு என்ன போகும்’ என்று காட்டும் வாக்கியம் அது.

அதன் வலுவுக்கு வேடந்தாங்கலே சாட்சி. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைச் சிப்பாய்கள் ஏரியில் பறவைகளைச் சுட்டபோது, ஊரார் செங்கல்பட்டு கலெக்டரிடம் முறையிட்டார்கள். பறவைகள் அழகு என்று மட்டும் சொல்லியிருந்தால் எடுபட்டிருக்குமோ என்னவோ! எச்சம் விழுந்த ஏரித்தண்ணீர்தான் வயலுக்கு உரம். பறவை போனால் விளைச்சலும் போகும் என்பது ஊரார் வழக்கு. விளைச்சல் போனால் நிலவரி? அதைக் கேட்பவரே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். 1798இல் கலெக்டர் லயனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் உரிமையை ஊருக்கு எழுதிக்கொடுத்தார்.

விடைத்தாளிலும் இந்த ‘இஃப்’ எடுபடும், ஒரு வரிசையில் வந்தால். ‘ஆல்தோ’ போட்டு எதிர்த்தரப்பைக் கொஞ்சம் ஒத்துக்கொள்வது, ‘பிகாஸ்’ போட்டுக் கண்ணால் கண்ட காரணம் ஒன்று, அப்புறம் அந்த ‘இஃப்’. ‘வெரி வெரி இம்பார்ட்டன்ட்’ எல்லாம் வெறும் சத்தம். முடிவில் ‘யுவர்ஸ் ஃபெயித்ஃபுலி’. அந்த ‘யுவர்ஸ்’ தலையில் அப்போஸ்ட்ரஃபி ஏற்றாமலிருந்தால் சரி.