'பக்கப் பிழை': ஒரு கலைச்சொல் ஆராய்ச்சி

அறிவியலைத் தமிழிற் கற்பிக்கப் புகுவார்க்குச் சொல்லே முதற் கருவி. அக்கருவி மழுங்கியதாயின் கற்பவன் கருத்தும் உடன் மழுங்கும். 1930-களில் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தின் கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமை பூண்டு உழைத்த விபுலாநந்த அடிகள், திருகோணமலை இந்துக் கல்லூரியின் வளர்ச்சியிலும் பெரும்பங்கு கொண்டவர். ஆதலின், இந்நகரத்து மலரொன்றிற் கலைச்சொல்லைப் பற்றி ஆராய்தல் மரபுக்குப் புறம்பன்று.

ஈண்டு எடுத்துக்கொண்ட சொல் 'பக்கப் பிழை' என்பது. கணினியின் பணிசெயல் முறைமை நினைவகத்தை ஆளும் விதத்தை விளக்குமிடத்து இச்சொல் வழங்கக் காண்கிறோம். உயர்தர வகுப்பிலே தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் பயிலும் நம் மாணவர் மெய்நிகர் நினைவகம், பக்கமிடல் ஆகியவற்றைக் கற்கின்றனர். அவர்கட்கு இச்சொல் துணை செய்கின்றதா, இடர் செய்கின்றதா என்பதே நம் வினா.

முதலிற் பொருளை நோக்குவாம். இன்றைய கணினியில் ஒவ்வொரு செய்நிரலும் நினைவகம் முழுவதும் தனக்கே உரியது போலக் கருதி இயங்கும். அது கூறும் முகவரி மெய்ம்முகவரியன்று. நினைவக முகாமை அலகு என்னும் வன்பொருள், அட்டவணையொன்றைப் பார்த்து அதனை மெய்ம்முகவரியாக மாற்றும். நினைவகம் பெரும்பாலும் 4096 பைற்று அளவுள்ள பக்கங்களாகப் பகுக்கப்பட்டிருக்கும். 1962 இல் மான்செஸ்டரிலே இயங்கத் தொடங்கிய அற்லஸ் கணினியே இம்முறையைச் செயலிற் காட்டிய முன்னோடி. வேண்டிய பக்கம் நினைவகத்தில் இல்லையெனின், அன்றி அப்பக்கத்தில் அச்செயலுக்கு இசைவு இல்லையெனின், வன்பொருள் அறிவுறுத்தலை இடையில் நிறுத்திப் பணிசெயல் முறைமையின் கருவிடம் முறையிடும். இம்முறையீடே 'பக்கப் பிழை' எனப்படுவது.

இதிற் பிழை யாருடையது? பெரும்பாலான நேரங்களில் ஒருவருடையதும் அன்று. பக்கம் வட்டில் இருப்பின் கரு அதனைக் கொணர்ந்து வைத்து, நின்ற அறிவுறுத்தலை மீண்டும் இயக்கும். செய்நிரல் நடந்ததை அறியவும் மாட்டாது. நலமாக இயங்கும் கணினியிலும் இஃது இடையறாது நிகழ்வது. அதனைப் 'பிழை' எனக் கற்ற மாணவனோ நினைவகம் பழுதுற்றதென்றே கொள்வான். பெயரே அவனை ஏமாற்றுகின்றது.

நம் துறைமுகத்தை எண்ணிப் பார்க்க. சீனன்குடா மாவாலைக்குக் கோதுமை ஏற்றி வரும் கப்பல் துறைமுக வாயிலுக்கு வெளியே நிறுத்தப்படுகின்றது என்க. இறங்குதுறை ஒழியாமை காரணமாகலாம். உள்நுழைய இசைவு இல்லாமை காரணமாகலாம். கப்பல் கூறும் இறங்குதுறை இத்துறைமுகத்திலேயே இல்லாதிருக்கவும் கூடும். மூன்றிடத்தும் கப்பல் நின்றது என்பதொன்றே கண்ணுக்குப் புலனாவது. முதலாவது காத்திருந்தால் தீரும். மூன்றாவது மாலுமியின் கணக்கிலே உள்ள குற்றம். இவ்வனைத்தையும் 'கப்பற் பழுது' என்று எழுதி வைப்பாரை யாம் என்னென்போம்?

இவ்வேறுபாட்டைத் தமிழ் அறியாததன்று. தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்கு உரை கண்டோர் வழாநிலை, வழு, வழுவமைதி என மூன்று நிலை வகுத்தனர். திணை, பால், இடம், காலம், செப்பு, வினா, மரபு என்னும் ஏழிடத்தும் பிறழ்ந்தது வழு. பிறழ்ந்தும் காரணம் உண்மையால் ஏற்கப்பட்டது வழுவமைதி. உவகை மிகுதியாற் பசுவைத் தாய் எனக் கூறுதல் திணையிற் பிறழ்ந்ததேனும் உவகை என்னும் காரணத்தால் அமைந்தது. பிறழ்ச்சியின் வடிவம் ஒன்றே. தீர்ப்பு காரணத்தைப் பொறுத்தது. கருவும் இவ்வாறே செய்கின்றது. முறையீடு வந்ததும் காரணத்தை ஆராய்ந்து, காரணம் உண்டெனின் அமைக்கும். இல்லையெனின் செய்நிரலை நிறுத்தும்.

கருவுக்குள்ளேயே இயங்கும் சாதன இயக்கி தவறினால் நிலைமை வேறு. 2024 யூலை 19 ஆம் நாள் கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் இற்றைப்படுத்தல் ஒன்றால் ஏறத்தாழ 85 இலட்சம் வின்டோஸ் கணினிகள் செயலிழந்தன என மைக்ரோசொப்ட் மதிப்பிட்டது. 20 உள்ளீடுகளே வழங்கப்பட்ட இடத்தில், கருவில் இயங்கிய அதன் மென்பொருள் 21 ஆவதை வாசிக்க முயன்று எல்லை கடந்தது. அங்கும் வன்பொருள் எழுப்பியது முன் சொன்ன அதே முறையீடுதான். ஆனால் அமைத்தற்குக் காரணம் ஏதும் இல்லை; அது தெளிந்த வழு. வட்டிலிருந்து பக்கத்தை அமைதியாகக் கொணர்வதும் இப்பேரிழப்பும் ஒரே பெயரால் வழங்கின், மாணவன் எதனை அஞ்சுவான், எதனை விடுவான்?

வழுவை ஆராய்வோர்க்கும் இத்தெளிவு இன்றியமையாதது. வன்பொருளின் அறிக்கை வழு வெளிப்பட்ட இடத்தைக் காட்டுமேயன்றி அது பிறந்த இடத்தைக் காட்டாது. விடுவிக்கப்பட்ட நினைவகத்தில் ஓர் இயக்கி எழுதிவிட, பின்னர் அவ்விடத்தைப் பெற்ற குற்றமற்ற மற்றோர் இயக்கி வீழ்வதுண்டு. பல வேறு செய்நிரல்கள் வீழ்ந்தும் ஒரே மெய்ம்முகவரிப் பகுதியே திரும்பத் திரும்பத் தோன்றின் நினைவகச் சில்லை ஐயுறுதல் வேண்டும். பல வேறு கணினிகளில் ஒரே இயக்கியின் ஒரே இடம் தோன்றின் அவ்வியக்கியை ஐயுறுதல் வேண்டும். சொல்லிலேயே தீர்ப்பை அடக்கி வைப்பின் இவ்வாராய்ச்சிக்கு இடம் ஏது?

அவ்வாறாயின் எச்சொல் பொருந்தும்? இலங்கைப் பாடநூல்களில் அளவீட்டின் தவறு 'வழு' எனப்படும். 'பூச்சிய வழு' என்பதை நம் மாணவர் நன்கறிவர். ஆகவே 'பக்க வழு' எனின் முன்னைக் குறை அப்படியே நிற்கும். 'பக்க வழுவமைதி' எனலாமோ? இயக்கியின் குற்றத்தையும் அமைதி என்று கூறியதாய் முடியும். மேலும், இலக்கணத்தில் வழுவமைதி ஏற்றலோடு முடிகின்றது, இங்கோ பக்கத்தைக் கொணரும் வேலையும் உண்டு. 'பக்க இன்மை' என்பது தெளிவானதே. எனினும் பக்கம் இருந்தும் எழுத இசைவு இல்லாவிடத்து அது பொய்க்கும். இன்டெல் மரபு முறைவழியாக்கி தரும் பிழைக்குறியின் முதல் இருமமே, பக்கம் இல்லையா இசைவு மீறப்பட்டதா என்பதைப் பிரித்துக் காட்டுகின்றது. வன்பொருள் பிரித்ததைச் சொல் குழப்புதல் ஆகாது.

'பக்கத் தடை' என்பதே எமக்கு ஏற்புடையதாய்த் தோன்றுகின்றது. தடுக்கப்பட்டது என்னும் நிகழ்ச்சியை மட்டும் அது கூறும். இன்மை, இசைவின்மை இரண்டையும் தழுவும். எவர் மீதும் குற்றம் சுமத்தாது. பௌதிகவியலில் 'தடை' மின்னோட்டத்தின் எதிர்ப்பைக் குறித்தலால் மயக்கம் உண்டாம் என்பாருளர். 'பக்க' என்னும் அடை அம்மயக்கத்தை நீக்கும். அமைக்கத்தக்க தடை, அமைக்கலாகாத தடை என இரண்டாகப் பிரித்துக் கற்பித்தபின், இரண்டாவதனையே வழு எனல் முறை.

பெயர் மாறினால் இயந்திரம் திருந்திவிடாது என்று கூறுவாரும் உளர். உண்மையே. ஆனால் இயந்திரத்தைத் திருத்த வேண்டியவன் மாணவன். அவன் சொற்களாற் சிந்திக்கின்றான். நிகழ்ந்தது யாது என்பதை முதலிலும், குற்றம் யாருடையது என்பதைப் பின்னரும் கேட்கப் பழகியவனே நல்ல ஆராய்ச்சியாளன் ஆவான். கலைச்சொற் பட்டியல்களைத் தொகுப்போரும் வகுப்பிற் கற்பிப்போரும் இதனைக் கருத்திற் கொள்வாராக.