ஆய்வூர்தி எழுதாத தன்கதை

'குட் நைட் ஆப்பி' ஆவணப்படத்தைப் பார்த்துவிட்டீர்களா? 2022இல் ரையன் வைட் இயக்கியது. செவ்வாய்க்கு நாசா அனுப்பிய ஆப்பர்சூனிட்டி ஆய்வூர்தியின் கதை. 90 செவ்வாய் நாள்கள் உழைத்தாலே போதும் என்றுதான் அனுப்பினார்கள். 2004 ஜனவரியில் இறங்கிய அது, 2018 ஜூன் வரை தகவல் அனுப்பியது; 45 கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. கடைசியில் பெரும் தூசிப்புயல் வெயிலை மறைத்தது. சூரியத் தகடுகளுக்கு ஒளி இல்லை, ஆய்வூர்தி அடங்கிப்போனது. "ஐயோ பாவம்"னு நமக்கே தொண்டை அடைக்கும்.

இதை எங்கேயோ படித்த மாதிரி இருக்கிறதே என்று யோசித்தேன். அட, நம் பிள்ளைகள் எழுதும் தன்கதைதான்! 'நான் ஒரு மிதிவண்டி' என்று தொடங்கி, பிறப்பு, உழைப்பு, முதுமை, பிரிவு. படத்திலும் அதே வரிசை. ஆய்வூர்தியின் கை மடங்காமல் அடம்பிடித்தால் அதற்கு மூட்டுவாதம் என்கிறார்கள். பாட்டுப் போட்டு எழுப்புகிறார்கள். அறிவியல் என்றாலே ஓடுகிற மாணவரையும் உட்கார வைப்பது இந்தப் பாசம்தான். அது படத்தின் பலம்.

குறையும் அங்கேதான் இருக்கிறது. அழ வைக்கிற அவசரத்தில், அது என்ன வேலை செய்தது என்பதைப் படம் தொட்டுவிட்டு ஓடிவிடுகிறது. உயிரைக் கண்டுபிடிக்கும் கருவி எதுவும் ஆப்பர்சூனிட்டியிடம் இல்லை. 'இங்கே ஒரு காலத்தில் நீர் இருந்ததா?' என்பதே அதன் கேள்வி. இறங்கிய இடத்திலேயே, நீரில் உருவான சிறுசிறு ஹேமடைட் உருண்டைகளைக் கண்டது. அந்த நீர் அமிலத்தன்மை மிக்கது. பல ஆண்டுகள் கழித்து எண்டவர் பள்ளத்தின் விளிம்பில் களிமண் கனிமங்களைக் கண்டது. அமிலம் குறைந்த, உயிர்கள் தாங்கக்கூடிய நீரும் அங்கே இருந்ததற்கு அது சான்று. 'உயிர் இருந்தது' என்பதற்கு அல்ல.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம்? 1976இல் வைக்கிங் கலங்கள் செவ்வாய் மண்ணில் நேரடியாகவே உயிரைத் தேடின. அவற்றின் முடிவுகளை உயிர் என்று பெரும்பாலான அறிஞர்கள் ஏற்கவில்லை. அதனால்தான் முதலில் நீர், பிறகு வாழத் தகுந்த சூழல் என்று படிப்படியாகப் போனார்கள். 2021இல் ஜெசெரோ பள்ளத்தில் இறங்கிய பெர்சிவியரன்ஸ், அடுத்த படியாகப் பழங்கால நுண்ணுயிர்களின் தடயத்தைத் தேடுகிறது.

தேர்வு எழுதும் மாணவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பேட்டரி குறைகிறது, இருட்டுகிறது என்று ஆப்பர்சூனிட்டி கடைசியாகச் சொன்னதாக ஒரு வரி உலவுகிறது. அதை மேற்கோளாகப் போடாதீர்கள். ஆய்வூர்தி அனுப்பியது மின்சக்தி அளவும் வானத்தின் மங்கல் அளவும்தான். அந்த அளவுகளின் பொருளை 2019இல் ஒரு செய்தியாளர் தம் சொற்களில் சொன்னார், அது பரவிவிட்டது. இயல்பாக நடந்த ஒன்றின் மேல் நம் எண்ணத்தை ஏற்றிச் சொல்வது தற்குறிப்பேற்ற அணி. அணியாக ரசியுங்கள், சான்றாகக் காட்டாதீர்கள்.

ஆசிரியர்களே, படத்தை வகுப்பில் தாராளமாகக் காட்டுங்கள். முடிந்ததும் இரண்டு பத்தி எழுதச் சொல்லுங்கள்: ஒன்று ஆய்வூர்தியின் தன்கதை, மற்றொன்று அது கண்டறிந்தவை. இரண்டாவது பத்திக்கு வரும்போது பேனா தயங்கினால், எங்கே கற்பிக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும்.