பி38: மணிக்கணக்கில் அளந்த அழற்சி

1994-இல் ஸ்மித்க்ளைன் பீச்சம் நிறுவனத்து ஆய்வாளர்கள் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட கட்டுரையை இன்று மறுபடி படித்தாலும் அதன் முறைமையில் குறை காண்பது அரிது. அவர்கள் கையில் ஒரு வேதிப்பொருள் இருந்தது. எல்.பி.எஸ். என்னும் பாக்டீரிய நச்சால் தூண்டப்பட்ட மோனோசைட் வெள்ளணுக்களில் டி.என்.எஃப்., ஐ.எல்.-1 ஆகிய சைட்டோகைன்களை, அதாவது அழற்சிச் செய்திப் புரதங்களை, அது அடக்கியது. எந்தப் புரதத்தைப் பிடித்து அடக்கியது என்பதுதான் தெரியவில்லை. அந்த வகை மூலக்கூறுக்குக் கதிரியக்க அடையாளமிட்டு, ஒளியால் இலக்கோடு பிணைத்து, பிணைந்ததைப் பிரித்தெடுத்தார்கள். கிடைத்தது ஒரு கைனேஸ், அதாவது பிற புரதங்களில் பாஸ்பேட் ஏற்றும் நொதி. மூலக்கூறுகளை வரிசையாக ஒப்பிட்டபோது, பிணையும் வலிமையும் அடக்கும் திறனும் ஒத்துப்போயின. அதே ஆண்டு வேறு ஆய்வகங்களும் வேறு வாசல்கள் வழியே இதே புரதத்தை அடைந்தன. பி38 என்ற பெயர் நிலைத்தது.

அடுத்து வந்த பணிகளும் தரத்தில் தாழ்ந்தவை அல்ல. பி38 நேரடியாக டி.என்.எஃப். மரபணுவை இயக்குவதில்லை, எம்.கே.2 என்ற இன்னொரு கைனேஸை எழுப்புகிறது. டி.என்.எஃப். எம்.ஆர்.என்.ஏ.வின் வாலில் ஏ, யு எழுத்துகள் செறிந்த ஒரு பகுதி உண்டு. அதில் டி.டி.பி. என்ற புரதம் அமர்ந்து அந்த எம்.ஆர்.என்.ஏ.வைச் சிதைவுக்கு அனுப்பும். எம்.கே.2 அந்தப் புரதத்தில் பாஸ்பேட் ஏற்றி அதைச் செயலிழக்க வைக்கிறது. 1999-இல் எம்.கே.2 இல்லாத எலிகள் எல்.பி.எஸ். அதிர்ச்சியைத் தாங்கின. அதே ஆண்டு எம்.ஆர்.என்.ஏ.வின் அந்த வால்பகுதியை நீக்கிய எலிகளுக்கு மூட்டழற்சியும் குடல் அழற்சியும் வந்தன. எம்.கே.2 நீங்கினால் பி38-இன் அளவும் குறைகிறதே, எது காரணம் என்ற நியாயமான ஐயம் எழுந்தது. செயல்திறனற்ற எம்.கே.2-ஐத் திருப்பி வைத்து, பி38-இன் அளவு மீண்டபோதும் டி.என்.எஃப். மீளவில்லை என்று காட்டினார்கள். எதிர்வாதத்தைத் தாமே எழுப்பிச் சோதித்துத் தீர்க்கும் இந்த ஒழுங்கு இத்துறையில் எல்லோரிடமும் இல்லை.

இல்லாததற்குச் சான்று எஸ்.பி.203580. இந்த ஒரு பி38 தடுப்பானைச் செல்லில் ஊற்றி, சைட்டோகைன் குறைந்ததும் 'பி38 வழியே' என்று முடிவு எழுதிய கட்டுரைகள் கணக்கில் அடங்கா. அது ரிப்2 கைனேஸையும் தடுக்கிறது. ரிப்2-ஓ அழற்சிச் சமிக்ஞையிலேயே பங்குள்ளது. டண்டீ ஆய்வகம் 1999-இலேயே சரியான கட்டுப்பாட்டைக் கற்றுக்கொடுத்திருந்தது: தடுப்பானுக்கு வசப்படாத பி38 திரிபைச் செல்லில் வைத்துப் பாருங்கள், விளைவு மறைந்தால்தான் அது பி38-இன் விளைவு. எளிய, கறாரான அளவுகோல். பின்பற்றியவர்கள் சிலரே.

ஆனால் இத்துறையின் பெரிய தோல்வி கருவியில் இல்லை, மருத்துவமனையில்தான் வெளிப்பட்டது. பி.ஐ.ஆர்.பி.-796 என்னும் பி38 தடுப்பான் குரோன் குடலழற்சி நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டபோது அழற்சியின் இரத்த அடையாளமான சி.ஆர்.பி. முதல் வாரத்தில் இறங்கியது. பிறகு ஏறிவிட்டது, நோய் தணியவில்லை. முடக்குவாதத்தில் பாமபிமாட் என்னும் இன்னொரு பி38 தடுப்பான் 12 வாரம் வழக்கமான மருந்தான மெத்தோட்ரெக்சேட்டோடு மோதியது. மெத்தோட்ரெக்சேட் எடுத்தவர்களில் 45 சதவீதம் பேர் குறைந்தபட்ச முன்னேற்றத்தை எட்டினார்கள். பாமபிமாட்டின் மிக உயர்ந்த அளவிலேயே 31 சதவீதம்தான். ஈரல் நொதி உயர்வும் இவ்வகை மருந்துகளோடு ஒட்டிக்கொண்டே வந்தது.

இதற்குத் தரப்படும் வழக்கமான விளக்கம் பின்னூட்டம். பி38 தன்னை எழுப்பிய டாக்1 கைனேஸைத் தானே அடக்குகிறது. பி38-ஐத் தடுத்தால் டாக்1 கட்டவிழ்ந்து, அழற்சியை வளர்க்கும் ஜே.என்.கே., என்.எஃப்.-கப்பா பி பாதைகளைத் தூண்டுகிறது. எம்.எஸ்.கே. கைனேஸ்கள் வழியாக அழற்சியை அணைக்கும் ஐ.எல்.-10 உற்பத்தியையும் பி38-தான் நடத்துகிறது. ஆக, முடுக்கியும் பிரேக்கும் ஒரே மிதியில் இருக்கின்றன. விளக்கம் அழகானது, உயிர்வேதியியல் சான்றும் வலுவானது. சி.ஆர்.பி. இறங்கி ஏறியதையும் அது பொருத்தமாக விளக்குகிறது. எனினும் அதை முழுமையாக ஏற்கத் தயங்குகிறேன். அது மட்டுமே காரணமானால், பிரேக்கைத் தொடாமல் எம்.கே.2 கிளையை மட்டும் அடைக்கும் மருந்து வென்றிருக்க வேண்டும். அப்படி வடிவமைத்த சுன்செமெட்டினிப் 2023-இல் முடக்குவாதச் சோதனையில் இலக்கை எட்டாமல் கைவிடப்பட்டது. ஒரு மருந்தின் தோல்வி ஒரு கோட்பாட்டைக் கொன்றுவிடாது என்பது உண்மை. ஆனால் பின்னூட்டத்தைச் சொல்லிவிட்டு அமைதியடைந்தவர்கள் இதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

என் பார்வையில் பிழை இன்னும் முன்னால், சோதனைக் களத் தேர்விலேயே விழுந்தது. அமைதியாக இருந்த செல்லில் எல்.பி.எஸ். சேர்த்துச் சில மணி நேரத்தில் டி.என்.எஃப். அளப்பது அழற்சி எப்படித் தொடங்குகிறது என்ற கேள்விக்கு விடை தரும். நோயாளியின் மூட்டில் அழற்சி தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும். அங்கே மேக்ரோபேஜ், டி செல், ஃபைப்ரோபிளாஸ்ட் மூன்றும் ஒன்றையொன்று ஓயாமல் தூண்டிக்கொண்டிருக்கின்றன. லண்டனில் ஃபெல்ட்மன், மைனி என்ற ஆய்வாளர்கள் வேறு களத்தைத் தேர்ந்தார்கள். நோயாளிகளின் மூட்டிலிருந்து எடுத்த செல்களையே வளர்த்து, வெளித்தூண்டல் இல்லாமல், டி.என்.எஃப்.-ஐ மட்டும் தடுத்தார்கள். 1989-இல் அவர்கள் கண்டது, ஐ.எல்.-1-உம் சேர்ந்து வீழ்வதை. சமிக்ஞைப் பாதைகளைப் பற்றி அந்த ஆய்வு எதுவும் சொல்லவில்லை. இயங்குமுறையின் நுட்பத்தில் பி38 கட்டுரைகளுக்கு அருகில்கூட வராது. ஆனால் மருந்தாக நிலைத்தது அதன் வழியில் வந்த டி.என்.எஃப். எதிர்ப்பொருள்தான்.

எல்லாச் சமிக்ஞைத் தடுப்பான்களும் தோற்றன என்று இதிலிருந்து முடிவுகட்டவும் முடியாது. 2012-இல் அனுமதி பெற்ற டோஃபாசிட்டினிப் செல்லுக்குள் புகுந்து ஜாக் கைனேஸ்களைத் தடுக்கும் சிறு மூலக்கூறுதான். அது சைட்டோகைன் பிறப்பதைத் தடுக்காமல், பல சைட்டோகைன்களின் செய்தி ஏற்கும் செல்லுக்குள் கடத்தப்படுவதைத் தடுக்கிறது. இதயம், புற்றுநோய் சார்ந்த எச்சரிக்கைகளையும் அது பின்னர் சுமக்க நேர்ந்தது.

ஆகவே தீர்ப்பை இரண்டாகப் பிரித்தே சொல்ல வேண்டியிருக்கிறது. தூண்டப்பட்ட ஒரு மேக்ரோபேஜ் முதல் சில மணி நேரத்தில் டி.என்.எஃப்.-ஐ எப்படி உற்பத்தி செய்கிறது என்பதற்கான விளக்கமாக, பி38-எம்.கே.2-டி.டி.பி. தொடர் நோயெதிர்ப்பியலின் முதல் வரிசைச் சாதனை. நாள்பட்ட முடக்குவாதத்தில் மருந்துக்கு இலக்கு காட்டும் வழிகாட்டியாக அது தேறவில்லை. தேறாததற்கான பொறுப்பு 1994 கட்டுரையைச் சேராது. அந்தச் சில மணி நேர விடையை நோயாளியின் மூட்டுச் செல்களில் கறாராகச் சோதித்து முடிக்குமுன் மருந்துக்கு மேல் மருந்தாகச் சோதனைக்கு அனுப்பியவர்களைச் சேரும்.