ஜிர்கா வட்டத்துக்கு வெளியே: ஓலஃப் கேரோவின் நூலை முன்வைத்து

யாருக்கும் தலைவணங்காத மலைக்குடி, அவனை மதிக்கத் தெரிந்த வெள்ளைக்கார அதிகாரி. இந்த இரண்டு பேரை வைத்து எழுதப்பட்ட புத்தகங்கள் ஏராளம். 1958இல் வந்த ஓலஃப் கேரோவின் 'தி பத்தான்ஸ்' அவற்றில் பேர்போனது. கேரோ 1946-47இல் வடமேற்கு எல்லை மாகாணத்தின் கவர்னர். இன்று பாகிஸ்தானில் இருக்கிற அந்த மலைப்பகுதியில் பட்டாணியரை ஆண்ட கடைசி வெள்ளையர்களில் ஒருவர். நன்றாகவே எழுதுகிறார். பட்டாணியர்மேல் அவர் வைத்திருக்கிற பிரியமும் பொய்யில்லை. எனக்குப் பிரச்சினையே அந்தப் பிரியத்தில்தான்.

ஆளவந்தவனுக்கு யார்மேல் பிரியம் வருகிறது? துப்பாக்கி வைத்திருக்கிறவன்மேல், பக்கத்தில் உட்கார்ந்து பேசத் தகுந்தவன்மேல். 1871இல் குற்றப்பரம்பரைச் சட்டம் வந்தது. அடுத்த வருஷமே, 1872இல், எல்லைப்புறத்துக்கென்று தனிக் குற்ற ஒழுங்குமுறை. ஒரே சர்க்கார்தான் இரண்டையும் போட்டது. துப்பாக்கி உள்ள குடிக்குச் சன்மானமும் பேச்சுவார்த்தையும். இல்லாத குடிக்குப் பதிவேடு, ஆஜர், கைரேகை. 1911க்குப் பிறகு சென்னை மாகாணத்துக் குறவர்களுக்கு நடந்தது இந்த இரண்டாவது வகை. அவர்களைப் பற்றி எந்தக் கவர்னரும் காவியம் எழுதவில்லை.

பேச்சுவார்த்தை முறையின் மூலவர் ராபர்ட் சாண்டிமன். 1866இல் டேரா காஜிகானுக்கு டெபுடி கமிஷனராக வந்தவர். படையை ஏவி அடித்துவிட்டு ஓடிவருவது வீண்செலவு என்று கண்டு, பலூச் சர்தார்களோடு உட்கார்ந்து பேசினார். சர்தார் காட்டுகிற ஆளுக்குக் காவல் வேலை, சம்பளம். தகராறு வந்தால் ஜிர்கா, அதாவது பெரியவர்கள் கூடும் வட்டம். 1876இல் கலாத் கானுக்கும் அவருடைய சர்தார்களுக்கும் சமரசம் செய்துவைத்ததும் இவரே. பெரிய சாதனை என்கிறார்கள். இருக்கட்டும். அதுவரை தன் ஆட்களின் ஒப்புதலை நம்பியிருந்த சர்தாருக்கு இனி சர்க்கார் பணம் இருக்கு. அப்புறம் ஆடு மேய்க்கிறவன் முகத்தை அவன் எதுக்குப் பார்க்கணும்?

இதே வித்தையை வஜீரிஸ்தானின் மெஹ்சூதுகளிடம் ரிச்சர்ட் புரூஸ் காட்டினார். பணம் கொடுத்து மாலிக்குகளை ஏற்படுத்தினார். 1893இல், ஒரு அதிகாரி கொலையில் சம்பந்தப்பட்டவர்களைப் பிடித்துக்கொடுத்த மாலிக்குகளில் மூன்று பேரை மெஹ்சூதுகளே கொன்றுபோட்டார்கள். கேரோவின் வட்டாரம் இதற்குச் சொல்கிற விளக்கம்: பலூசிகள் தலைவனுக்குக் கட்டுப்பட்டவர்கள், மெஹ்சூதுகள் எல்லாரும் சமம் என்று நினைப்பவர்கள், அதனால் மருந்து பலிக்கவில்லை. பாதி உண்மை. ஆனால் மருந்தே விஷமா என்ற கேள்வி அங்கே எழுவதில்லை.

எல்லாரும் சமம் என்கிறார்களே, யார் அந்த எல்லாரும்? கேரோ புத்தகத்துக்கு மறு வருஷம், 1959இல், ஃபிரெட்ரிக் பார்த் ஸ்வாத் பள்ளத்தாக்கைப் பற்றி எழுதினார். அங்கே நிலத்தில் பங்கு உள்ளவன்தான் முழுப் பட்டாணியன். அவனுக்குத்தான் ஜிர்காவில் வாய். நாவிதர், கொல்லர், குத்தகை உழவர் எல்லாம் கேட்டுக்கொண்டு போக வேண்டியதுதான். பார்த்தும் இதை விருப்பப்பட்டுச் செய்துகொள்கிற ஒப்பந்தம் மாதிரி விவரித்துவிட்டார். நிலம் இல்லாதவனுக்கு என்னய்யா விருப்பம்? 1972இல் தலால் அசத் அந்த இடத்தைப் பிடித்து, இது நிலவுடைமை வர்க்கத்தின் ஆதிக்கம் என்று எழுதினார். இதைப் படித்துவிட்டுக் கேரோவிடம் திரும்பினால், சமத்துவம் பேசுகிற பக்கங்களில் நாவிதன் வீட்டைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

இந்த உறவின் சட்ட வடிவம்தான் 1901ஆம் ஆண்டின் எல்லைப்புறக் குற்ற ஒழுங்குமுறை. 'வழக்கப்படி' நீதி என்று பெயர். ஆனால் ஜிர்காவில் யார் உட்கார வேண்டும் என்று நியமிப்பவர் டெபுடி கமிஷனர். முடிவை ஏற்பதா தள்ளுவதா என்பதும் அவர் கையில். அப்பீல் கிடையாது. ஒருத்தன் குற்றம் செய்தால் குடி முழுவதையும் பிடிக்கலாம். ஆங்கிலேய இந்தியாவின் தண்டனைச் சட்டம் கள்ள உறவுக்கு ஆணைத்தான் தண்டித்தது. எல்லையில் பெண்ணுக்கும் ஐந்து வருஷம் வரை சிறை, அதுவும் வழக்கத்தின் பெயரால். வழக்கம் என்னவென்று சொன்னவர்களில் ஒரு பெண்ணாவது உண்டா? பள்ளிக்கூடம் திறந்து ஊர் ஊராகப் பேசிய அப்துல் கஃபார் கானை 1921இல் மூன்று வருஷம் உள்ளே தள்ளியதும் இந்த ஒழுங்குமுறைதான். துப்பாக்கிக்காரனை மதிக்கத் தெரிந்த சர்க்காருக்கு வாத்தியாரை மதிக்கத் தெரியவில்லை!

எதற்கு இவ்வளவு தூரத்துக் கதை என்று கேட்கலாம். நவீன அரசின் சட்டம் வன்முறை, சமூகங்களின் பாரம்பரிய நீதிமுறையே மாற்று என்று நம் சிந்தனையாளர் சிலர் பேசும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசுகிறது. அரசு வன்முறை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் எங்க ஊர்க் கூட்டத்தில் எங்கப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மரத்தடிக்கு அந்தாண்ட நின்றதைப் பார்த்து வளர்ந்தவன் நான். போலீஸ்காரர் வந்தால் நேரே நாட்டாமை வீட்டுத் திண்ணைக்குத்தான் போவார். அரசும் பாரம்பரியமும் எதிரெதிர் என்று யார் சொன்னது? எல்லையில் இரண்டும் ஒரே கம்பளத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்தன.

வெள்ளைக்காரன் போன பிறகும் பாகிஸ்தான் அந்தக் கம்பளத்தைச் சுருட்டவில்லை. அந்தப் பழங்குடிப் பகுதியில் ஓட்டுரிமை சுமார் 35,000 மாலிக்குகளுக்கு மட்டும்தான். வயதுவந்த எல்லாரும் ஓட்டுப் போட்ட முதல் தேர்தல் 1997. ஒழுங்குமுறை ஒழிந்தது 2018இல், அந்தப் பகுதியைக் கைபர் பக்தூன்க்வா மாகாணத்தோடு இணைத்தபோது. கூடவே ஒரு இடைக்கால ஒழுங்குமுறையைக் கொண்டுவந்தார்கள். ஜிர்கா அதில் புதுச் சட்டை போட்டு வந்து உட்கார்ந்தது. அதே வருஷம் பெஷாவர் உயர்நீதிமன்றம் அது செல்லாது என்றது.