உருகுநிலை மட்டும் உரைகல்லாகுமா?

நாரூட்டிய பீங்கான்களை உருகுநிலையாலும் குறுகிய நேர வலிமையாலும் மட்டும் புகழ்வது குறைபட்ட மதிப்பீடாகும். உயர்வெப்பநிலையில் மாறாச் சுமையைத் தாங்கும்போது அவையும் மெல்ல மெல்ல நீளும், இதுவே ஊர்வு.

1975இல் யப்பானிய அறிஞர் யஜிமா சிலிக்கன் காபைட்டு நார் ஆக்கும் முறையை வெளியிட்டார். அதன்வழி வந்த தொடக்ககால நார்களில் ஒட்சிசன் எஞ்சியமையால், ஏறத்தாழ 1200 பாகை செல்சியசுக்கு மேல் அவை நலிந்தன. நார், தாய்ப்பொருளைவிட விரைந்து ஊர்ந்தால் சுமை தாய்ப்பொருளுக்கு மாறி, அதில் வெடிப்புத் தோன்றும். அதனூடே புகும் ஒட்சிசன், நாரைப் போர்த்த காபன் படலத்தை அரிக்கும். எனவே இரண்டின் ஊர்வு வீதங்களையும் ஒப்புநோக்காத மதிப்பீடு பயன் தராது.

ஒட்சிசன் குறைந்த பிற்கால நார்கள் இந்நலிவைத் தணித்தன. 2016இல் சேவைக்கு வந்த லீப் விமான எஞ்சினில் இக்கூட்டுப்பொருள் இடம்பெற்றது. ஆயினும் சுழலும் அலகிலன்று, அதனைச் சூழ்ந்த அசையா உறையிலேயாம். சிலமணிநேரச் சோதனையால் நெடுங்கால ஆயுளை உறுதிகூறுவோர் இதனைச் சிந்தித்தல் வேண்டும்.